பிடிபட்டவரின் உரிமை

2019 டிசம்பர் 6 அன்று விடியற்காலையில், ஐதராபாத்துக்கு வெளியே ஷாத்நகரை ஒட்டிய சட்டான்பள்ளியில் நான்கு இளைஞர்களைத் தெலங்கானா காவல்துறை சுட்டுக் கொன்றது. நவம்பர் 27 இரவு ஒரு கால்நடை மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டு, உடல் எரிக்கப்பட்ட வழக்கில் பிடிபட்டவர்கள் அவர்கள். தடயப் பொருள்களை எடுத்துக் காட்ட அழைத்துப் போனோம், துப்பாக்கியைப் பறித்து எங்களைச் சுட்டார்கள், நாங்கள் திருப்பிச் சுட்டோம் என்றது காவல்துறை. பொழுது ஏறுவதற்குள் அங்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. காவலர்கள்மேல் பூ தூவினார்கள், பட்டாசு வெடித்தார்கள், இனிப்பு ஊட்டினார்கள். அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான், இத்தகைய குற்றவாளிகளைப் பொதுமக்கள் கையில் ஒப்படைத்து அடித்துக் கொல்லவிட வேண்டும் என்று மாநிலங்களவையிலேயே ஓர் உறுப்பினர் பேசியிருந்தார்.

ஆறு நாள் கழித்து உச்ச நீதிமன்றம் ஒரு விசாரணை ஆணையத்தை அமைத்தது. உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி வி.எஸ். சிர்புர்கர் தலைவர். மும்பை உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி ரேகா பால்டோட்டாவும், சிபிஐயின் முன்னாள் இயக்குநர் டி.ஆர். கார்த்திகேயனும் உறுப்பினர்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கின் சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கார்த்திகேயன். காவல்துறைமீது காழ்ப்புக் கொண்டவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. 2022இல் வெளியான ஆணையத்தின் அறிக்கை, காவல்துறை சொன்ன கதை நம்பத்தகுந்ததல்ல என்றது. கொல்ல வேண்டும் என்ற நோக்கத்துடனேயே சுட்டிருக்கிறார்கள், பத்துக் காவலர்கள்மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றது. இறந்த நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் கண்டது.

பூ தூவிய அன்று இவை எதுவும் யாருக்கும் தெரியாது. கேட்கவேண்டிய கேள்வி அதைவிட எளியது. அந்த மருத்துவரைக் கொன்றது யார்? இந்த நால்வர்தாம் என்று காவல்துறை சொன்னது. எந்த நீதிமன்றமும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. சாட்சி கூண்டேறவில்லை, தடய அறிக்கை குறுக்கு விசாரணைக்கு உள்ளாகவில்லை, இனி ஆகப்போவதுமில்லை. அந்தப் பெண்ணின் பெற்றோருக்கு நிரூபிக்கப்பட்ட உண்மை ஒன்றைக் கொடுத்திருக்க வேண்டிய வழக்கு, சட்டான்பள்ளியில் ஒரு பாலத்தடியில் முடிந்துபோனது.

சந்தேகத்தின் பேரில் பிடிபட்டவருக்கு மனித உரிமை வேண்டும் என்று பேசும்போதெல்லாம், ‘செத்தவளுக்கு மனித உரிமை இல்லையா?’ என்ற குரல் எழுகிறது. அந்தக் குரலை வெறும் கும்பல் வெறி என்று தள்ளிவிட நான் ஆயத்தமாக இல்லை. 2012 டிசம்பர் 16 அன்று டெல்லிப் பேருந்தில் நடந்த கொடுமைக்கான தண்டனை, நாடே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தும், 2020 மார்ச் 20 அன்றுதான் நிறைவேறியது. நாடு பார்க்காத வழக்குகளின் கதி என்ன? வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கி, சாட்சிகள் பல்டி அடித்து, பெற்றவர்கள் நீதிமன்ற வாசலிலேயே நரைத்துப்போன வழக்குகள் எல்லா மாவட்டத்திலும் உண்டு. அந்தச் சலிப்பிலிருந்துதான் கைதட்டல் பிறக்கிறது.

ஆனால் தாமதத்துக்குக் காரணம் பிடிபட்டவரின் உரிமையா? பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 120ஆவது அறிக்கையில் 1987லேயே சொன்னது. இன்றும் அனுமதிக்கப்பட்ட இடங்களின் கணக்கே அதில் பாதிக்குக் கீழ்தான். அவற்றிலும் காலியிடங்கள் உண்டு. தடய அறிவியல் கூடங்களில் மாதக்கணக்கில் மாதிரிகள் காத்துக் கிடக்கின்றன. பந்தோபஸ்துக்குப் போன இன்ஸ்பெக்டரே புலனாய்வும் செய்கிறார். இன்னொரு பக்கம், 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த ஏறக்குறைய 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பங்கினர் தண்டிக்கப்படாமலே சிறையில் இருக்கும் நாட்டில், சட்டம் பிடிபட்டவருக்கு அளவுக்கு மீறிச் சலுகை தருகிறது என்ற வாதம் எப்படி நிற்கும்? தாமதத்தால் நோவது இரண்டு தரப்பும்தான்.

சட்டான்பள்ளிக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2017 செப்டம்பரில், டெல்லியை ஒட்டிய குருகிராமில் ஒரு தனியார் பள்ளியின் கழிப்பறையில் ஏழு வயதுச் சிறுவன் கழுத்தறுபட்டு இறந்தான். அன்றே பள்ளிப் பேருந்தின் நடத்துநர் கைதானார். அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று ஹரியானா காவல்துறை அறிவித்தது. தொலைக்காட்சிக் கேமராக்கள் முன்பும் அவர் ஒப்புக்கொண்டார். அவருக்காக வாதாட மாட்டோம் என்று உள்ளூர் வழக்கறிஞர்கள் முடிவெடுத்தார்கள். தூக்கில் போடு என்று தெருவில் முழக்கம் எழுந்தது. பிறகு வழக்கு சிபிஐயிடம் போனது. நடத்துநருக்கு எதிராக ஆதாரம் எதுவும் இல்லை என்று சொன்ன சிபிஐ, அதே பள்ளியின் மேல் வகுப்பு மாணவன் ஒருவனைப் பிடித்தது. 2018 தொடக்கத்தில் நீதிமன்றம் நடத்துநரை வழக்கிலிருந்து விடுவித்தது. அடித்து, மருந்து கொடுத்து ஒப்புக்கொள்ள வைத்தார்கள் என்று அவர் குடும்பம் சொன்னது. குருகிராமிலும் ஒரு விடியற்காலையில் ‘துப்பாக்கியைப் பறித்து ஓட முயன்ற’ சம்பவம் நடந்திருந்தால், அங்கேயும் காவலர்கள்மேல் பூ தூவியிருப்பார்கள். அந்தச் சிறுவனின் தாய்தந்தையருக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்றே நாமும் நம்பியிருப்போம்.

என் வாதம் முழுவதும் இதில் அடங்கும். பிடிபட்டவருக்குச் சட்டம் தரும் காப்பு, கெட்டவன்மேல் காட்டும் இரக்கம் அல்ல. சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறோமா என்று சமூகம் அறிந்துகொள்ள இருக்கும் ஒரே வழி அது.

இந்தக் காப்பு மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான மென்மை என்று பலர் நினைக்கிறார்கள். அதன் முக்கியமான வேர் ஒன்று சென்னையில் இருக்கிறது. 1854 ஜூலையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கக் குடிகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அந்த ஆண்டே மூவர் கொண்ட விசாரணை ஆணையம் அமைந்தது: ஈ.எஃப். எலியட், எச். ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன். மாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 2000 முறையீடுகள் குவிந்தன. 1855 ஏப்ரலில் அறிக்கை வந்தது. வரிபாக்கிக்காகவும், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவும் சித்திரவதை நடப்பது உண்மை என்று அது உறுதிசெய்தது.

முறைகளையும் அது வரிசைப்படுத்தியது. விரல்களை மரத்துண்டுகளுக்கு இடையே வைத்து நெரிக்கும் கிட்டி. ஆளை வளைத்துக் குனியவைத்து, தலை காலோடு சேரக் கட்டி, வெயிலில் நிறுத்தி முதுகில் கல்லேற்றும் அண்ணாந்தாள். கண்ணிலும் உடலின் மெல்லிய பகுதிகளிலும் மிளகாய்ப்பொடி. தூங்கவிடாமை, பட்டினி, தலைமயிரைக் கழுதை வாலில் கட்டுவது. பெண்களுக்கு நேர்ந்தவற்றை இங்கே எழுத மனம் வரவில்லை. தொழிலாகச் செய்தவர்கள் பெரும்பாலும் நம்மூர்த் தாசில்தாரின் சேவகர்கள். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை என்று ஆணையம் அவர்களைத் தப்பவிட்டது. 1857 செப்டம்பரில் நியூயார்க் டெய்லி டிரிப்யூன் இதழில் இந்த அறிக்கையைப் பற்றி எழுதிய கார்ல் மார்க்ஸ் விட மறுத்தது இந்தப் புள்ளியைத்தான். மேலே இருப்பவர்களுக்குப் பணம் வந்தால் போதும், எப்படி வந்தது என்று கேட்க வேண்டாம் என்ற ஏற்பாட்டில் கீழே இருப்பவர் கை எங்கே போகும்?

அறிக்கை காட்டிய நிர்வாகக் கோளாறு வேறொன்று. வரி வசூலிக்கும் கையும் திருடனைப் பிடிக்கும் கையும் ஒரே தாசில்தாரின் கையாக இருந்தது. 1859இல் சென்னை மாகாணத்துக்குத் தனிக் காவல்துறைச் சட்டம் வந்து, வருவாய்த்துறையிலிருந்து காவல்துறை பிரிந்தது. 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம், காவல் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்றது. 1872இல் அது சாட்சியச் சட்டத்தின் 25, 26ஆம் பிரிவுகளாக ஆனது. பிரிட்டனிலேயே இவ்வளவு முழுமையான தடை இல்லை. மனிதாபிமானம் பெருக்கெடுத்து ஆட்சியாளர்கள் இதைச் செய்யவில்லை. தங்கள் காவலர்களை அவர்களுக்கே தெரிந்திருந்தது; அடித்து வாங்கிய ஒப்புதலை வைத்துக்கொண்டு உண்மையான திருடனைப் பிடிக்க முடியாது என்று அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமும் இந்தத் தடையை 23ஆம் பிரிவில் அப்படியே வைத்திருக்கிறது. ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன் கிட்டியில் நசுங்கிய விரல்கள் பெற்றுத் தந்த பிரிவு என்றுதான் அதை நான் வாசிக்கிறேன்.

தடை போட்ட கையே ஒரு சந்தும் விட்டது. பழைய சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் சாட்சியமாகும். எந்த அளவுக்கு என்பதை 1946இல் புலுக்கூரி கோட்டையா வழக்கில் பிரிவி கவுன்சில் கறாராக வரையறுத்தது. கொள்கையில் இதில் தவறு இல்லை. பொருள் பொய் சொல்லாது என்ற எண்ணம்தான். நடைமுறையில் ஸ்டேஷனின் முழு உழைப்பும் இந்தச் சந்துக்குள் பாய்ந்தது. ஆள் கிடைத்தவுடன் அடுத்த வேலை ‘ரெக்கவரி’. கத்தி எங்கே, நகை எங்கே, செல்போன் எங்கே? சொல்லும்வரை விடுவதில்லை. பிறகு மகஜர் எழுத வேண்டும். மகஜருக்குச் சாட்சி வேண்டும். தமிழ்நாட்டுத் தீர்ப்புகளைப் புரட்டினால் அந்தச் சாட்சி பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலராகவும் அவருடைய உதவியாளராகவும் இருப்பதைக் காணலாம். இன்னும் ஒரு படி போய், கொலை செய்தவர் காவல்துறையிடம் போகாமல் நேராகக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப்போய், மனம்விட்டு எல்லாவற்றையும் சொல்லி, அவர் அதை எழுதிக்கொண்டு ஸ்டேஷனில் ஒப்படைத்ததாகச் சொல்லும் வழக்குகள் நம் மாநிலத்தில் ஏராளம். காவல் அதிகாரியிடம் சொன்னால் செல்லாது, வேறு அரசு ஊழியரிடம் சொன்னால் செல்லலாம் என்பதற்காகத் தோன்றிய வழக்கம் இது. இத்தனை கொலையாளிகளுக்கு முன்பின் தெரியாத கிராம நிர்வாக அலுவலர்மேல் அவ்வளவு நம்பிக்கை எப்படி வந்தது என்று நீதிமன்றங்களே அவ்வப்போது ஐயப்பட்டிருக்கின்றன.

1855இல் கற்ற பாடத்தை நாடு வெளிப்படையாகவே கைவிட்டுப் பார்த்தது. பயங்கரவாத வழக்குகளுக்கான தடா சட்டத்தின் 15ஆம் பிரிவு, காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி பதிவுசெய்யும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லும் என்றது. 1994இல் கர்த்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒப்புதல் தந்தது. அதன் விளைவை நாம் வெகு அருகிலிருந்து பார்த்தோம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. தடா குற்றமே இந்த வழக்கில் பொருந்தாது என்றும் சொன்னது. ஆனால் தடாவின் கீழ் எடுத்த வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது. அப்படி எடுத்த ஒரு வாக்குமூலம் பேரறிவாளனுடையது. 1991 ஜூனில் கைதாகும்போது அவருக்கு வயது 19. வெடிகுண்டுக்குப் பயன்பட்ட 9 வோல்ட் பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அந்த வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சிபிஐ அதிகாரி, ஓய்வுபெற்ற பின் 2013இல் வெளிப்படையாகப் பேசினார்: பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டதாக. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரை விடுதலை செய்தது. அவர் குற்றமற்றவர் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. மாநில அமைச்சரவையின் பரிந்துரையை ஆளுநர் முடிவெடுக்காமல் வைத்திருந்ததைப் பற்றிய தீர்ப்பு அது. எழுதப்படாத ஒரு வாக்கியத்தின் எடை என்ன என்பதை மட்டும் இந்த முப்பத்தோர் ஆண்டுகள் காட்டுகின்றன. எழுதுபவரே விசாரிப்பவராகவும் இருக்கும்போது, எது எழுதப்படவில்லை என்று யார் கண்டுபிடிப்பது?

இதற்கு நேரெதிர்த் திசையிலிருந்து வரும் வாதம் ஒன்றும் இருக்கிறது. 2025 அக்டோபர் 8 அன்று அது தமிழ்நாட்டை உலுக்கியது. 2017 பிப்ரவரியில் சென்னைப் புறநகரில் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கு. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் அண்டைவீட்டு இளைஞருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது, ஜூலையில் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. ஏறக்குறைய ஓராண்டிலேயே தீர்ப்பு என்று ஊர் முழுக்கப் பாராட்டினார்கள். ஏழு ஆண்டுகளுக்குப் பின் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அவரை விடுதலை செய்தார்கள். ‘பார்த்தீர்களா, உரிமை உரிமை என்று பேசி ஒரு கொடியவனை வெளியே விட்டுவிட்டார்கள்’ என்று கொதித்தவர்களில் என் நண்பர்களும் உண்டு.

அந்தத் தீர்ப்பை வாசித்தால் கோபம் திசை மாறும். நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்தபோது அவருக்கு வக்கீல் இல்லை. பிறகு சட்ட உதவியின் மூலம் ஒருவர் அமர்த்தப்பட்டார். அவர் வழக்குக் கட்டைப் படித்து முடிப்பதற்குள், நான்கைந்து நாள்களிலேயே சாட்சி விசாரணை தொடங்கிவிட்டது. தண்டனையின் அளவு குறித்துத் தனியே கேட்காமல், குற்றவாளி என்று அறிவித்த அன்றே தூக்கும் விதிக்கப்பட்டது. புலனாய்வில் முக்கியமாகச் சொல்லப்பட்ட சிசிடிவி பதிவு நீதிமன்றத்தில் முறையாக நிரூபிக்கப்படவில்லை. போலீஸ் காவலில் பெற்ற வாக்குமூலத்தைத் தொடர்ந்து பொருள்கள் கிடைத்ததாகச் சொன்ன கதையில் ஓட்டைகள் இருந்தன. பிடிபட்டவரின் உரிமையை மதித்ததால் அந்த வழக்கு தோற்கவில்லை. மதிக்காமல் அவசரப்பட்டதால் தோற்றது. வக்கீலுக்கு ஒரு மாத அவகாசம் கொடுத்து, சிசிடிவி பதிவை ஒழுங்காகக் கைப்பற்றிச் சான்றளித்திருந்தால், அவர் குற்றவாளி என்றால் தண்டனை நின்றிருக்கும். இல்லை என்றால் உண்மையான குற்றவாளியைத் தேடும் காலம் அப்போதே கிடைத்திருக்கும். இன்று அந்தப் பெற்றோருக்கு இரண்டும் இல்லை. அவர்களுக்கு இழைக்கப்பட்ட இந்த இரண்டாவது அநீதியின் வேர் 2017 புலனாய்விலும் 2018 அவசரத்திலும் இருக்கிறது.

பொதுமக்களின் மனம் இதில் எப்போதும் ஒரே பக்கம் நிற்பதும் இல்லை. சந்தேகத்துக்கு உள்ளானவர் யார் என்பதைப் பொறுத்து அது சாய்கிறது. 2012 பிப்ரவரியில் சென்னை வேளச்சேரியில், வங்கிக் கொள்ளையர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட ஐந்து வடமாநில இளைஞர்கள் நள்ளிரவில் ஒரு வீட்டுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நகரத்தில் பெரும்பாலோர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 2015 ஏப்ரல் 7 அன்று, ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 மரவெட்டிகளைச் செம்மரக் கடத்தல்காரர்கள் என்று சொல்லி அந்த மாநிலச் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. கற்களாலும் கோடரிகளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்ற அதே விளக்கம். முந்தின நாளே பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பிவந்தவர்கள் சொன்னார்கள். தமிழ்நாடு கொந்தளித்தது, கொந்தளித்தது சரி. ஜவ்வாது மலையிலிருந்து கூலிக்குப் போனவரை நமக்குத் தெரியும், அவர் வீட்டு அடுப்பும் கடனும் தெரியும். வேளச்சேரியில் இறந்தவர்களின் ஊரும் அடுப்பும் நமக்குத் தெரியாது. தெரியாததையே குற்றத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டோம்.

‘மாவுக்கட்டு’ என்று நாம் சிரித்துக்கொண்டே பேசும் விஷயமும் இதே ரகம். ரவுடி என்று பிடிபட்டவர் கழிவறையில் வழுக்கி விழுந்து கை ஒடிந்தது என்று செய்தி வரும். கட்டுப் போட்ட கையோடு ஒரு படமும் வரும். படத்தின் கீழே கைதட்டல்கள் குவியும். ஸ்டேஷன் கழிவறைகளில் கைதானவர்கள் மட்டுமே வழுக்கி விழுவது எப்படி, காவலர்கள் விழுவதில்லையே என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் கேட்டது. எல்லோருக்கும் விடை தெரிந்த கேள்விதான். அந்த ஆண்டு ஜூன் இறுதியில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், பக்தர் ஒருவரின் நகை காணாமல்போன புகாரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி இறந்தார். உடலில் 44 காயங்கள் இருந்ததை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சுட்டிக்காட்டியது. அங்கும் நடந்தது ‘ரெக்கவரி’தான்: நகை எங்கே என்ற ஒரே கேள்வி. ரவுடியின் மாவுக்கட்டுக்குக் கைதட்டியவர்கள் மடப்புரத்துக்காகக் கண்ணீர் விட்டார்கள். இரண்டு இடத்திலும் லத்தி ஒன்று, பழக்கம் ஒன்று. ரவுடி கையில் பழகிய கைதான் காவலாளி முதுகில் இறங்கியது. இந்த ஆளை அடிக்கலாம், அந்த ஆளை அடிக்கக் கூடாது என்று மக்கள் தரும் நுணுக்கமான அனுமதியை எந்த ஸ்டேஷனும் அப்படியே கடைப்பிடிக்காது. காமன் காஸ் அமைப்பும் சிஎஸ்டிஎஸ் நிறுவனமும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், காவலர்களில் நான்கில் மூவர் குற்றவாளிகளிடம் வன்முறை காட்டுவது நியாயமே என்று கருதியதாகத் தெரியவந்தது. அவர்கள் வேறெங்கிருந்தோ வந்தவர்கள் அல்லர். நாம் திரையரங்கில் எதற்கு விசிலடிக்கிறோம் என்று பார்த்து வளர்ந்தவர்கள்.

சட்டப் புத்தகத்தில் பஞ்சம் இல்லை. அரசமைப்பின் 22ஆம் உறுப்பு மூன்றைச் சொல்கிறது: கைதின் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும், வக்கீல் வைத்துக்கொள்ளவிட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். 21ஆம் உறுப்பில் வலுவான பாதுகாப்புச் சொற்கள் கைவிடப்பட்டதற்கு ஈடாக 1949 செப்டம்பரில் அம்பேத்கர் கொண்டுவந்து சேர்த்தது அது. 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் பதினோரு கட்டளைகள் இட்டது: கைதுக் குறிப்பு, உறவினருக்குத் தகவல், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை என்று. 2020 டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்துப் பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்றது.

2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் இவற்றில் எது வேலை செய்தது? ஊரடங்கில் செல்போன் கடையை நேரம் கடந்து திறந்துவைத்தார்கள் என்று பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் இரவு முழுக்க அடிக்கப்பட்டார்கள். மறுநாள் அரசு மருத்துவர் சிறைக்கு அனுப்பலாம் என்று சான்று கொடுத்தார். நடுவர் ரிமாண்ட் செய்தார். கோவில்பட்டிக் கிளைச்சிறை ஏற்றுக்கொண்டது. மருத்துவர், நடுவர், சிறை அதிகாரி என்று ஒருவர் பின் ஒருவராக மூவர் பார்த்திருக்க வேண்டும்; ஒருவர் நிமிர்ந்து பார்த்திருந்தாலும் இருவரும் பிழைத்திருக்கக்கூடும். ஸ்டேஷன் கேமராவின் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. நடந்ததை உலகம் அறிந்ததற்கு முக்கியக் காரணம், அன்றிரவு பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், உயர் நீதிமன்றம் அனுப்பிய நடுவரிடம் அச்சத்துக்கிடையே உண்மையைச் சொன்னதுதான்.

ஸ்டேஷனுக்குள் நடப்பதற்கு ஸ்டேஷன்காரர்களே சாட்சி என்பதால், அவர்கள் வாய் திறக்காவிட்டால் வழக்கு எழாது. 1985இல் உச்ச நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டிய பின், சட்ட ஆணையம் தன் 113ஆவது அறிக்கையில் ஒரு புதிய பிரிவைப் பரிந்துரைத்தது: காவலில் இருந்தவருக்குக் காயம் ஏற்பட்டிருந்தால், அதைக் காவலில் வைத்திருந்த அதிகாரிதான் ஏற்படுத்தினார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம்; இல்லை என்று காட்டும் பொறுப்பு அவருடையது. 2017இல் 273ஆவது அறிக்கை அதையே மறுபடி வற்புறுத்தியது. 1997இல் இந்தியா கையெழுத்திட்ட சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை இன்னும் உறுதிசெய்யப்படவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவையில் காலாவதியானது. 2023இல் மூன்று குற்றவியல் சட்டங்களையும் புதிதாக எழுதியபோதும் அந்தப் பிரிவு சேரவில்லை. மாறாக, கைதான முதல் 15 நாளுக்குள் மட்டுமே எடுக்க முடிந்த போலீஸ் காவலை, 40 அல்லது 60 நாள்களுக்குள் பிரித்துப் பிரித்து எடுக்க வழி திறந்துவிட்டது.

இந்தப் பரிந்துரையை ஆதரிக்கும் நான் ஒரு சங்கடத்தையும் சந்திக்க வேண்டும். காவலர்மேல் குற்றம் சாட்டப்பட்டால் அந்த நிமிடத்திலிருந்து அவரும் சந்தேகத்துக்கு உள்ளானவர்தானே? அவருக்கு மட்டும் நிரூபிக்கும் சுமையைத் திருப்பிப் போடலாமா? கோயம்புத்தூரில் வக்கீல்களுக்கும் போலீஸுக்கும் மோதல் ஏற்பட்டபோது, குற்றம் சாட்டப்பட்ட காவலர்களுக்காக யாரும் வாதாடக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானம் செல்லாது, யாராக இருந்தாலும் வக்கீல் பெறும் உரிமை உண்டு என்று 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது சரியான தீர்ப்பு. சாத்தான்குளம் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட காவலர்களுக்கும் வக்கீல்கள் இருந்தார்கள், ஜாமீன் கேட்டார்கள், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். அதுவும் சரிதான், அவர்களை யாரும் ஒரு பாலத்தடிக்கு அழைத்துப் போகவில்லை, போகவும் கூடாது.

சட்ட ஆணையம் முன்வைத்த அனுமானம் இதற்கு முரணானதல்ல என்றே நினைக்கிறேன். அது கட்டாய அனுமானம் அல்ல. எவ்வளவு நேரம் காவலில் இருந்தார், காயத்தைப் பற்றி அவரே என்ன சொன்னார், மருத்துவர் என்ன கண்டார், நடுவர் ஏதேனும் பதிவு செய்தாரா என்பதையெல்லாம் எடைபோட்ட பின்பே நீதிமன்றம் அதற்குள் போக வேண்டும் என்று அந்த வரைவே சொல்கிறது. பூட்டிய அறையின் சாவி யார் கையில் இருந்ததோ அவரிடம் உள்ளே என்ன நடந்தது என்று கேட்கிறது. பதில் சொல்ல அவருக்கு வக்கீலும் அவகாசமும் உண்டு. கேமராப் பதிவு ஒழுங்காக இருந்தால் நேர்மையான காவலருக்கு அதைவிட நல்ல சாட்சியும் கிடையாது. 1985இலிருந்து நாற்பது ஆண்டுகளாக அந்தப் பிரிவு வரைவாகவே இருக்கிறது. அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வரும் மக்களவை வேட்பாளரிடம், எந்தக் கட்சியானாலும், அதைச் சட்டமாக்கக் கையுயர்த்துவீர்களா என்று கேட்கலாம்.